காலி நாற்காலியும் விலக்கு ஆணையும்

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு ஆளை நியமித்தால் எதிர்க்கட்சி செனட்டில் முடக்கிவிடுகிறது, நியமிக்கப்படுகிறவர்களும் பல நேரம் அதே தொழிலிலிருந்து வருகிறவர்களாக இருக்கிறார்கள் என்று படித்தேன். நம் நாட்டில் அப்படி ஓட்டெடுப்பே கிடையாதே. பிறகு ஏன் நம் மலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தேயிலை வாரியமும் ஆலைக்காரர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் சாதகமாகவே நடப்பதுபோல் தெரிகிறது?"

நல்ல கேள்வி, தம்பி. அமெரிக்காவில் ஒரு நியமனத்தைத் தடுக்க எதிர்க்கட்சி மெனக்கெட வேண்டியிருக்கிறது. இங்கே அந்தச் சிரமம் யாருக்கும் இல்லை. நியமிப்பதும் அரசு, நியமிக்காமல் விடுவதும் அரசு, விதியிலிருந்து விலக்கு அளிப்பதும் அரசு. இந்த மூன்றில் முதலாவதைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதுகின்றன. நம் மலைகளில் கேடு செய்தவை மற்ற இரண்டும்தான் என்பது என் கணிப்பு.

அமெரிக்கக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வங்கிகளிடமிருந்து வாடிக்கையாளரைக் காக்க ஒரு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினார்கள். அதற்குத் தலைவரை நியமிக்க அதிபர் ஒபாமா முன்வந்தபோது, குடியரசுக் கட்சியின் 44 செனட்டர்கள் 2011-இல் கடிதம் எழுதினார்கள்: அமைப்பின் கட்டமைப்பை மாற்றும்வரை யாரை முன்மொழிந்தாலும் ஏற்க மாட்டோம். ஆள் தகுதியானவரா என்ற பேச்சே அதில் இல்லை. ரிச்சர்ட் கோர்ட்ரே முன்மொழியப்பட்டது 2011 ஜூலையில். செனட் அவரை உறுதி செய்தது 2013 ஜூலையில். அவர்களுடைய தேர்தல் ஆணையத்துக்கு ஆறு உறுப்பினர்கள். முடிவெடுக்கக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். 2019 செப்டம்பரில் மூன்று பேராகக் குறைந்ததும் யார்மீதும் நடவடிக்கை எடுக்க முடியாத ஆணையமாக அது உட்கார்ந்திருந்தது. தொழிலோடு உறவாடும் கதைக்கு கனிம மேலாண்மைச் சேவை என்ற துறையைப் பார்க்கலாம். கடலடி எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிப்பதும், அதே கிணறுகளிலிருந்து அரசுக்கு வருமானம் வசூலிப்பதும் அதன் பொறுப்பு. அதன் அலுவலர்கள் எண்ணெய் நிறுவனங்களிடம் பரிசும் விருந்தும் பெற்றதை 2008-இல் அதன் தாய்த்துறையான உள்விவகாரத் துறையின் தலைமை ஆய்வாளரே வெளிப்படுத்தினார். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்த பிறகுதான் அந்தத் துறையைக் கலைத்துப் பிரித்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் கீழ் பிறந்தவை. அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவை எடுத்து வாசித்துப் பாருங்கள். தலைவரை மாநில அரசு நியமிக்கும். அவர் முழு நேரமாகவும் இருக்கலாம், பகுதி நேரமாகவும் இருக்கலாம், அரசு நினைப்பதுபோல. அரசு அதிகாரிகள் ஐந்து பேர் வரை. உள்ளாட்சியிலிருந்து ஐந்து பேர் வரை. விவசாயம், மீன்வளம், தொழில், வணிகம் ஆகியவற்றின் சார்பில் மூன்று பேர் வரை. அரசு நிறுவனங்களின் சார்பில் இருவர். பிறகு முழு நேர உறுப்பினர் செயலர். ஆக, ஆலைக்காரருக்கு இடம் கொடுப்பது ஊழலோ சூழ்ச்சியோ இல்லை. சட்டமே அவருக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. ஆலையின் கழிவுநீரைக் குடிக்கிறவருக்கு என்று தனியாக ஒரு நாற்காலி அதில் இல்லை. உள்ளாட்சி உறுப்பினர் அந்த வேலையைச் செய்வார் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை.

யார் உறுப்பினராகக் கூடாது என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைத் தயாரிக்கும், விற்கும், வாடகைக்கு விடும் நிறுவனத்தில் பங்கு உள்ளவர் கூடாது. சரிதான், வாரியம் அவருடைய இயந்திரத்தை வாங்கச் சொல்லிவிடும் என்ற பயம். ஆனால் கழிவுநீரை வெளியே விடுகிற ஆலையின் முதலாளி கூடாது என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. மருந்து விற்கிறவரைத் தடுத்துவிட்டு நோய் பரப்புகிறவரை உள்ளே விடுகிற ஏற்பாடு. ஐம்பது ஆண்டுகளாக இது யார் கண்ணையும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

இதைவிட முக்கியமானது 25-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு. நீங்கள் ஒரு ஆலை தொடங்க வாரியத்திடம் இசைவாணை கேட்டு முழுமையான விண்ணப்பம் கொடுக்கிறீர்கள். வாரியம் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. நான்கு மாதம் கடந்தால், இசைவு நிபந்தனையின்றி வழங்கப்பட்டதாகவே கருதப்படும். அதாவது வாரியம் தூங்கினாலும் இசைவாணை விழித்துக்கொண்டிருக்கும். அமெரிக்கத் தேர்தல் ஆணையம் ஆள் இல்லாமல் போனால் வேலை நின்றுவிடுகிறது. நம் வாரியத்தில் ஆள் இல்லாமல் போனால் இசைவு தானாக நடக்கிறது; நின்றுபோவது ஆய்வும் வழக்குத் தொடுப்பதும் மட்டும்தான். இடம் காலியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாரியத்தின் எந்த நடவடிக்கையையும் கேள்வி கேட்க முடியாது என்று 11-ஆம் பிரிவு வேறு காவல் நிற்கிறது.

மாவட்டப் பொறியாளர்கள் மேல் பழி போடுவது என் நோக்கமில்லை. பெரும்பாலான இசைவாணைகளை அவர்கள்தான் பார்க்கிறார்கள். மலைப்பாதையில் ஒரு நாளுக்கு எத்தனை ஆலைகளைப் பார்த்துவிட முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பொறியாளர் இடத்தை நிரப்பாமல் விடுவதற்கு எந்த அமைச்சரும் உத்தரவு போட வேண்டியதில்லை, கையெழுத்தும் வேண்டியதில்லை. அதனால் அதற்குப் பொறுப்பாளியும் இல்லை.

நியமனத்தின் தரம் பற்றியும் நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன. தகுதி பார்க்காமல் நியமித்தார்கள் என்று பத்து மாநில வாரியத் தலைவர்கள் பணியாற்றக் கூடாது என்று 2017 ஜூனில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்தப் பத்தில் தமிழ்நாடும் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று, தீர்ப்பாயம் தன் வரம்பை மீறிவிட்டது என்று சொல்லி அந்த அணுகுமுறையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் தீர்ப்பாயத்தின் கவலை தவறானது என்று அது சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குள் நியமனத்துக்கான தகுதி விதிகளை வகுக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. சுற்றுச்சூழலில் "சிறப்பு அறிவோ நடைமுறை அனுபவமோ" உள்ளவர் தலைவராக வேண்டும் என்பதுதான் சட்டத்தின் பொருள். அந்த ஒற்றை வரியை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதை எல்லாக் கட்சிகளும் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன.

இப்போது விலக்கு ஆணைக்கு வருகிறேன். இதில் கொடைக்கானல்தான் பாடப்புத்தகம்.

மலை நகரங்களில் கட்டடத்தின் உயரத்துக்கு வரம்பு உண்டு. 1993-இல் மலை வாழிடங்களுக்கென்றே தனிக் கட்டட விதிகள் வந்தன. நிலச்சரிவு, நீர், காட்சி எல்லாவற்றையும் எண்ணி வகுத்த விதி. கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே என்ற ஹோட்டல் ஏழு தளங்களாக எழுந்தது. விதி மாறவில்லை, யாரும் அதை நீக்கவும் இல்லை. அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் விதியிலிருந்து விலக்கு அளித்து 1994-இல் அரசாணை வந்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குப் போட்டது. 1995-இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்திலும் ஹோட்டல் தரப்புக்கு வெற்றி கிடைக்கவில்லை. கூடுதல் தளங்களை இடிக்க வேண்டும் என்பது உறுதியானது.

பிறகு அதே விவகாரம் ஊழல் வழக்காக வந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கும் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த டி.எம். செல்வகணபதிக்கும் வேறு சிலருக்கும் தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்றைய கலவரத்தில் தருமபுரியில் பஸ் எரிக்கப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. குற்றம் நிரூபணமாகவில்லை, அதோடு அந்தக் கதை முடிந்தது. ஆனால் இரண்டு வழக்குகளையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். லஞ்சம் வாங்கினார்களா என்பது ஒரு கேள்வி. லஞ்சமே இல்லாவிட்டாலும் அந்த விலக்கு சட்டப்படி செல்லாது என்பது வேறு முடிவு. அது 1995-லேயே உறுதியாகிவிட்டது. நம் ஊர்ப் பேச்சில் முதல் கேள்வி இரண்டாவதை விழுங்கிவிட்டது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கட்சிக் கொடி பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். விதியைத் தனியொரு ஆளுக்காக வளைக்கும் அதிகாரம் அரசின் கையில் இருக்கலாமா என்பதை எந்தக் கட்சியும் எழுப்பவில்லை. எழுப்பாது, நாளை தனக்கும் வேண்டியிருக்கும்.

கொடைக்கானலின் இன்னொரு கதை பாதரசம். அமெரிக்காவில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை ஒன்றின் இயந்திரங்கள் 1980-களின் தொடக்கத்தில் இங்கே வந்தன. பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை பிறகு இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. ஆலைக்கு ஒட்டியே பாம்பார் சோலை. அங்கே பெய்யும் மழை பாம்பாற்றில் இறங்கி, கும்பக்கரை வழியாகச் சமவெளிக்குப் போகிறது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் 7.4 டன் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்தது வெளியே வந்தது. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. கண்டுபிடித்தவர்கள் உள்ளூர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் முன்னாள் தொழிலாளர்களும்தான். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. இந்தியாவிலிருந்து நச்சுக் கழிவு எதிர்த்திசையில் பயணித்தது அபூர்வம். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

இதில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கும் இடம் மண்ணைச் சுத்தம் செய்யும் அளவு. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் மிஞ்சலாம் என்று இலக்கு வைத்தார்கள். காட்டை ஒட்டிய இடத்துக்கு 1 மில்லிகிராம்தான் பொருந்தும் என்று மக்கள் தரப்பு வாதாடியது. 20-க்கும் 1-க்கும் நடுவே இருப்பது பல டன் மண்ணும் பல கோடி ரூபாயும். அந்த எண்ணை யார் முடிவு செய்கிறார்கள், எந்த ஆய்வை வைத்து, அந்த ஆய்வுக்குப் பணம் யாருடையது என்பதில்தான் தொழிலின் பிடி இருக்கிறது. வாரியத்தில் உட்காரும் ஒரு ஆலை முதலாளியிடம் அவ்வளவு பிடி கிடையாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நியாயமான கொள்கை. ஆனால் அவரே ஆய்வாளரையும் அமர்த்தும்போது அது வேலிக்கு ஓணான் சாட்சி ஆகிவிடுகிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலும் இதே ஏற்பாடுதான்: திட்டத்தைக் கொண்டுவருகிறவரே ஆலோசகரை அமர்த்தி, கூலி கொடுத்து, அறிக்கை வாங்கித் தருகிறார். எந்த ஆலோசகராவது "இந்தத் திட்டம் வேண்டாம்" என்று எழுதி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

உங்கள் தேயிலைக்கு வருகிறேன். தேயிலை வாரியம் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. தலைமையகம் கொல்கத்தா, இங்கே குன்னூரில் அலுவலகம். தலைவரோடு சேர்த்து 31 உறுப்பினர்கள்: நாடாளுமன்ற உறுப்பினர்கள், தோட்ட முதலாளிகள், வணிகர்கள், தொழிற்சங்கத்தினர், மாநில அரசுகளின் பிரதிநிதிகள். மாசு வாரியத்தைவிட இங்கே தொழிலின் உறவு வெளிப்படை. அசாமின் தோட்ட உரிமையாளர் ஒருவரே இதன் தலைவராக இருந்திருக்கிறார். அதில் எனக்குப் பெரிய ஆட்சேபமில்லை, தேயிலை தெரிந்தவர் தேயிலை வாரியத்தில் இருக்கட்டும். சிக்கல் வாரியத்தின் இரட்டை வேலையில் இருக்கிறது. தேயிலைத் தொழிலை வளர்ப்பதும் அதுவே, ஆலைகளைக் கட்டுப்படுத்துவதும் அதுவே. அமெரிக்கக் கனிமத் துறைக்கும் இதே நோய்தான்.

2003-ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தூளின் ஏல விலையை விவசாயியும் ஆலையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். விவசாயிக்கு 65 பங்கு, ஆலைக்கு 35 பங்கு என்பது சூத்திரம். அதை வைத்து மாதந்தோறும் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறார்கள். கவனியுங்கள், அந்தச் சூத்திரத்தில் உங்கள் உரச் செலவும் பறிகூலியும் எங்கும் நுழையவில்லை. ஏலத்தில் தூள் விலை விழுந்தால் விவசாயி விழுவார், அவ்வளவுதான். 2023-இல் நடுஹட்டியில் சிறு விவசாயிகள் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு நாள் கணக்கில் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். அப்போது ஊரில் பேசியதெல்லாம் எந்தக் கட்சி எம்.பி. வந்தார், எந்தக் கட்சி வரவில்லை என்பதுதான். மாநிலக் கட்சிகள் மத்திய அரசின் வாரியம் என்றன. மத்தியில் ஆள்கிறவர்கள் மாநிலக் கூட்டுறவு ஆலைகளைக் கை காட்டினார்கள். கட்சி முடக்கம் என்று நீங்கள் படித்ததன் உள்ளூர் வடிவம் இதுதான்: யாரும் எதையும் தடுக்கவில்லை, எல்லோரும் அடுத்தவர் வாசலைக் காட்டினார்கள்.

இதனால்தான் மலைகளை ஆள்கிற வேலை நீதிமன்றங்களிடம் போய்ச் சேர்ந்தது. கூடலூர் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் நிலம்பூர் கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்குதான் நாடு முழுவதற்குமான வன வழக்காக வளர்ந்தது. நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் 2018-இல் 27 விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னதும், 2020 அக்டோபரில் வழித்தட அறிவிக்கையை உறுதி செய்ததும் உச்ச நீதிமன்றம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் 2024 மே மாதம் வந்ததும் உயர் நீதிமன்ற உத்தரவால். இந்த விடுதிகள் எல்லாம் ஒரே இரவில் முளைத்தவையா? மின் இணைப்பு கொடுத்தது யார், வரி வாங்கியது யார் என்று எந்த அதிகாரியையும் யாரும் கேட்டதில்லை. நீதிமன்றம் இருக்கிறது என்பதே ஒழுங்குமுறை அமைப்புகளுக்குச் சௌகரியமாகிவிட்டது. கெட்ட பெயர் நீதிபதிக்கு, ஓட்டு கட்சிக்கு.

நீதிமன்றப் பாதையும் இப்போது குறுகி வருகிறது. வன வழக்கில் உதவ 2002-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவில் அரசுக்கு வெளியே இருந்தவர்களும் இருந்தார்கள். 2023 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தன் அறிவிக்கையால் நிரந்தர அமைப்பாக்கியது. உறுப்பினர்களை நியமிப்பதும் இனி அரசு. 2024-இல் நீர்ச் சட்டமும் திருத்தப்பட்டது. பெரும்பாலான குற்றங்களுக்குச் சிறை போய், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் வந்தது. மாநில வாரியத் தலைவரை நியமிக்கும் முறையை வகுப்பது மத்திய அரசு என்றும் ஆனது. இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களில் முதலில் நடைமுறைக்கு வந்த அது, சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்கும் மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும். இதை மாநில உரிமை விவகாரமாக மட்டும் பேசுகிறவர்களோடு நான் பாதிதான் உடன்படுவேன். நியமன அதிகாரம் சென்னையில் இருந்தபோது நாம் கண்ட தரத்தை மேலே சொல்லிவிட்டேன். முறை வகுப்பது டெல்லிக்குப் போனால் தரம் கூடும் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. அந்த நான்கு மாத இசைவு இரண்டு பேர் பார்வையிலும் படவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வாரியத் தலைவர் எந்தக் கட்சிக்காரர் என்று தேடுவதை விடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். உங்கள் மாவட்ட அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பொறியாளர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். நான்கு மாதம் கடந்து வழங்கப்பட்டதாகக் கருதப்பட்ட இசைவாணைகளின் பட்டியலைக் கேளுங்கள். நகராட்சி நிர்வாகத் துறைக்குத் தனி மனு போட்டு, மலைக் கட்டட விதிகளிலிருந்து கடந்த ஐந்து ஆண்டில் அளித்த விலக்கு ஆணைகளின் நகல்களைக் கேளுங்கள். தேயிலை வாரியத்திடம், பச்சைத் தேயிலை விலைக் கண்காணிப்புக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பையும், அறிவித்த விலையைக் கொடுக்காத ஆலைகள்மீது எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனி மனு. "ஏன்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை, ஆவணத்தை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், பிறகு தகவல் ஆணையத்துக்கும் போகலாம். தேயிலை வாரியம் மத்திய அரசு சார்ந்தது என்பதால் அதற்கான இரண்டாம் மேல்முறையீடு டெல்லிக்கு. அங்கே எத்தனை ஆணையர் நாற்காலி காலியாக இருக்கிறது என்பதையும் மனுப் போடும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் ஆணையங்களில் காலியிடங்களை நிரப்பச் சொல்லி 2019-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது.